பதினஞ்சு நாள் ஞாபகம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் தம்பி பைக்கை ஒரு வேன் இடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. எதிரே பூட்டுக் கடை. கேமரா ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கு. கடைக்காரர் மானிட்டரைத் துண்டால தட்டிட்டுச் சொன்னார்: "பதினஞ்சு நாள்தாண்ணே நிக்கும். அப்புறம் அதுவே அழிச்சுக்கும்." நாங்க போனது பதினேழாவது நாள்.

கடையைக் கூட விடுங்க. 2020 ஜூன், சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷன். 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானா அழியுற மாதிரி வச்சிருந்தாங்க. அங்க நடந்த காவல் மரணத்தை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு எழுதின அறிக்கையில இது இருக்கு. அந்த வருஷம் டிசம்பர் 2ல சுப்ரீம் கோர்ட், ஸ்டேஷன் பதிவுகளை 18 மாசம், முடியலைன்னா ஒரு வருஷமாவது வைக்கணும்னு சொல்லிருச்சு.

ஸ்டேஷன் பதிவு வேணுமா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ மனு போடுங்க. தேதி, நேரம், எந்தக் கேமரா எல்லாம் எழுதி, "அழிக்காம வைங்க"ன்னு ஒரு வரியும் சேருங்க. பதிலுக்கே 30 நாள் கெடு இருக்கு.