பேரேட்டில் இல்லாத பிராணி

டோபி காட் என்னும் பெயர், முன்னாளில் அங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்த இந்திய வண்ணாரால் வந்தது. வெளுத்தவர் போயினர், பெயர் மட்டும் வெளுக்கவில்லை. அதையடுத்த ஆர்ச்சர்ட் ரோடு, 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பழத்தோட்டங்களாலும் சாதிக்காய்த் தோட்டங்களாலும் பெயர் பெற்றது. இன்று சிங்கப்பூரின் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

2030-க்குள் 30 சதவீதத்தை இங்கேயே விளைவிப்பதென்று 2019-இல் சர்க்கார் வகுத்த இலக்கு, 2025-இல் மாற்றப்பட்டது. இப்பொழுது 2035-க்குள் நார்ச்சத்தில் 20, புரதத்தில் 30 சதவீதமாம். கீரைக்கும் காளானுக்கும், முட்டைக்கும் மீனுக்கும் தேனீ வேண்டியதில்லை. ஆகவே அவ்வெண்களில் அதற்கு இடமுமில்லை. பூசணிக்கும் பாகலுக்கும் யார் துணை?

செம்பனைத் தோட்டத்துக் கணக்கெழுதும் நாம் இதை அறியாதவரல்லோம். முன்னர் மலேசியத் தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் தூவக் கூலிக்கு ஆள் வைத்திருந்தனர். 1981-இல் காமரூன் தேசத்துச் சிறு வண்டொன்றைக் கொணர்ந்து விட்டபின் அந்தச் செலவே ஒழிந்தது. பூச்சி செய்யும் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று பேரேடு அறியும். பூச்சியின் பெயரை அது அறியாது.

இவ்வளவும் தெரிந்த நாமே, சென்ற ஆண்டு நம் மாடிப்படியருகே தேனீக்கள் கூடு கட்டியபோது, குழந்தைகளுக்கு அஞ்சி, அழகிய இங்கிலீஷில் மனு எழுதினோம். அப்புறப்படுத்துவார்கள் என்று எண்ணினோம், மருந்தடித்துக் கொன்றார்கள். பின்பு நம் தொட்டிப் பாகலில் பூ நிறைந்தது, பிஞ்சு நிற்கவில்லை. இப்பொழுது நம் மனைவி காலைதோறும் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவுகிறாள். சென்ற வாரம் நாமும் பத்துப் பூவுக்குத் தடவினோம். மூன்று பிடித்தன.