விரிசல்தான் காரணமா?

கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட லித்தியம் அயனி செல் ஒன்று கைக்கு வந்ததும், புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அதை உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். நான் விடுவதில்லை. சார்ஜ் ஏற 20 மணி நேரம், இறங்க 20 மணி நேரம் என்று ஒரு சுற்று மெதுவாக ஓடட்டும். மின்னழுத்த வளைவில் எந்த மேடு நகர்ந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

பிறகு முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸுக்குள் பிரிக்கிறோம். ஈரம் பட்டால் எலக்ட்ரோலைட்டில் உள்ள உப்பிலிருந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். உள்ளிருக்கும் தகட்டுச் சுருளை விரித்ததும் என் கண் முதலில் போவது ஆனோடில் உள்ள கிராஃபைட்டின் நிறத்துக்கு. லித்தியம் நிறைந்த கிராஃபைட் பொன்னிறம், காலியானது கருப்பு. டிஸ்சார்ஜ் ஆன தகட்டில் பொன்னிறத் திட்டு தெரிந்தால், அங்கே போன லித்தியம் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

அடுத்தது கேதோடு. நிக்கல் மிகுந்த கேதோடின் துகள், சுமார் 10 மைக்ரான் உருண்டை; உள்ளே நானோமீட்டர் அளவு மணிகள் நெருங்கி அடைந்திருக்கும். 4.2 வோல்ட்டை நெருங்கும்போது படிக அடுக்குகளின் இடைவெளி சட்டெனக் குறுகும். மணிகள் ஆளுக்கொரு திசையில் சுருங்குவதால் நடுவே விரிசல் விடும். அதன் வழியே எலக்ட்ரோலைட் புகுந்து புதிய பரப்புகளைத் தாக்கும். மேற்பரப்பு ஆக்ஸிஜனை இழந்து, பாறை உப்பின் அமைப்புக்கு மாறி, அயனிக்கு வழி விடாத தோலாகிவிடும்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தில் இந்த விரிசல் அவ்வளவு துல்லியமாகத் தெரிவதால், செல் செத்ததற்கு அதுதான் காரணம் என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் அந்தக் கேதோடையே கேட்டுவிட வேண்டும். ஒரு பக்கத்துப் பூச்சைச் சுரண்டி, டைமெத்தில் கார்பனேட்டில் அலசி, வட்டமாக வெட்டி, புத்தம்புதிய லித்தியத் தகட்டோடு காயின் செல்லில் வைத்து மெதுவாக ஓட்டுவோம். இழந்த கொள்ளளவில் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பது அபூர்வம் அல்ல. விரிசல் விட்ட துகள் உயிரோடுதான் இருக்கிறது, லித்தியம்தான் போதவில்லை.

அது கரைந்தது எதிர்ப்பக்கத்தில். கிராஃபைட்டின் மேல் எலக்ட்ரோலைட் சிதைந்து படியும் மெல்லிய படலம், வளர வளர லித்தியத்தைத் தின்னும். சுற்றுக்கு 0.1 சதவீதம் போனால் 1000 சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம். 0.01 சதவீதம் போனால் 90. ஒரு சுற்றில் இந்த வித்தியாசம் சாதாரணக் கருவிக்குத் தெரியாது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் மிகத் துல்லியமான சார்ஜர்களைத் தாங்களே கட்டியது இதை அளக்கத்தான்.