உக்கிராணச் சாவி

உக்கிராணம் என்ற சொல் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. கல்யாணச் சமையலும் பரிமாறலும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போன பிறகு, அரிசி மூட்டையும் தேங்காயும் வெல்லமும் வாழைத்தாரும் அடுக்கிய அந்த அறைக்கும், அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலையும் உறவுக்காரருக்கும் வேலையில்லாமல் போயிற்று. கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் அச்சொல் இன்னும் புழங்குகிறது. பழைய தமிழ் வேதாகமம் லூக்கா 16ஆம் அதிகாரத்து மனிதனை உக்கிராணக்காரன் என்றே அழைக்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அவன் வீட்டுப் பொறுப்பாளர் ஆகிவிட்டான். பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும்போது எங்களுக்கு அந்தச் சாவி கண்ணில் படுவதில்லை.

உக்கிராணத்தில் உட்கார்ந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பந்தி நடுவில் பருப்பு தீர்ந்துபோனால் அவர் தலை உருளும். விருந்தினர் அரைவயிற்றோடு எழுந்துபோயிருக்க, மறுநாள் அறையில் மூன்று மூட்டை அரிசி மிஞ்சிக் கிடந்தாலும் அவர் தலைதான் உருளும். மிச்சம் பிடித்தார் என்று அவரை யாரும் மெச்சியதில்லை. பொருள் அவருடையதல்ல, அளந்து கொடுக்கத் தெரிந்தவர் என்பதற்காகத்தான் சாவி அவரிடம் வந்தது.

இயேசு சொன்ன கதையின் உக்கிராணக்காரன் இந்த அளவுக்குக்கூட யோக்கியனல்ல. எஜமானின் ஆஸ்தியைச் சிதறடித்தவன். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய் என்றிருந்த சீட்டை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமான் அவனைப் புகழ்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் இக்கதையைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளின் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று. கதையின் முடிவில் இயேசு சொல்வதோ இன்னும் விசித்திரம்: கையிலிருக்கும் பணத்தைக் கொண்டு சிநேகிதரைச் சம்பாதிக்க வேண்டும் என்கிறார்.

நாங்கள் வளர்ந்த திருநெல்வேலிச் சபைகளில் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தசமபாகத்தில் தொடங்கித் தசமபாகத்திலேயே முடியும். பத்தில் ஒன்று என்பது மொத்தச் சம்பளத்திலா, வைப்புநிதிப் பிடித்தம் போக மிஞ்சியதிலா என்று ஆசிரியர் அறைகளில் நடந்த வாதங்களைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், அந்தத் தசமபாகத்தை எடுத்துப்போய்க் குடும்பத்தோடு, லேவியனையும் சேர்த்துக்கொண்டு உண்டு மகிழச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருடத்துப் பங்கு, லேவியனோடு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் ஊருக்குள்ளேயே வைக்கப்படவேண்டியது. எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் அதற்கும் உறவு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று தொலைக்காட்சியில் சொல்லப்படும் கணக்குக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை. அது முதலீடு, அதற்குப் பங்குச் சந்தை இருக்கிறது.

பத்தில் ஒன்றைக் கொடுத்தபின் மீதி ஒன்பது யாருடையது என்ற கேள்வியை எங்களுக்குள் எழுப்பியவர் ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இளைஞர் ஒருவரின் கணக்கைத் தம் பிரசங்கமொன்றில் அவர் சொல்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்கே என்று கொள்ளப்படுகிறது. ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்துவிடுகிறார். அடுத்த ஆண்டு 60 வருகிறது; அதே 28தான், 32 தானமாகப் போகிறது. பிறகு 90, பிறகு 120. செலவு அப்போதும் 28. பணத்தின் பயன் பற்றிய அவருடைய பிரசங்கம் 1760-இல் அச்சாயிற்று. அதன் ஆதார வசனமும் நம் உக்கிராணக்காரன் கதையின் முடிவில் வருவதுதான். தீங்கின்றிச் சம்பாதிப்பதும், வீணாக்காமல் மிச்சம் பிடிப்பதும் கொடுப்பதற்காகவே என்கிறார். இங்கிலாந்து வங்கியில் போட்டுவைப்பதையும் மண்ணில் புதைப்பதையும் ஒரே தட்டில் வைக்கிறார். 1776-இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கான வரி கேட்டு எழுதியவர்களுக்கு, லண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டுமாகத் தம்மிடம் நான்கு வெள்ளிக் கரண்டிகளே இருப்பதாகவும், சுற்றிலும் பலர் ரொட்டியின்றி இருக்கையில் மேலும் வாங்கப்போவதில்லை என்றும் பதில் எழுதினார்.

2009-இல் ஆறாவது ஊதியக்குழுவையொட்டிச் சம்பளம் உயர்ந்தபோது நாங்களும் இதை முயன்று பார்த்தோம். வீட்டுச் செலவுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் அதை உயர்த்துவது. மேலே வருவது கொடுப்பதற்கு. வெஸ்லிக்கு அப்போது கல்லூரியில் அறை இருந்தது, குடும்பம் இல்லை, ரொட்டி விலை ஆண்டுக்கு ஆண்டு இப்படித் தாவவும் இல்லை என்று எங்களில் ஒருவர் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் நோட்டில் எழுதத் தொடங்கியதும், தேவை என்று நாங்கள் நினைத்திருந்தவற்றில் சில தாமாகவே குறைந்தன.

எங்கள் தாய்மாருக்கு நோட்டும் தேவைப்படவில்லை, வெஸ்லியும் தேவைப்படவில்லை. உலையில் போடுவதற்கு முன் களைந்த அரிசியைத் தொடமாட்டார்கள். களைவதற்கு முன்னமே ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வந்து அதைச் சேர்த்து விற்பார்கள். பணம் ஊழியத்துக்குப் போகும். மிஸோரத்துச் சபைகளில் இவ்வழக்கம் 1910 முதல் நடந்துவருகிறது. கேரளத்தில் இதன் பெயர் பிடியரி. பிடி அரிசியின் நுட்பம், அது மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதில்லை என்பதில் இருக்கிறது. அன்று வீட்டிலிருக்கும் அத்தனை பேர் தட்டிலும் சில பருக்கைகள் குறையும். அதை யாரும் தனியாகக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் நடப்பது நேர்மாறு. ஒரு கைம்பெண் கொண்டுவந்த கோழியை ஏலத்தில் எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று முறை ஒலிக்கும். கோழியைக் கொண்டுவந்தவள் பெயர் ஒருமுறையும் ஒலிக்காது. ஏலத்தின் கலகலப்பு எங்களுக்கும் பிடிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தகைய பனங்காட்டுக் கிராமங்களை நம்பித்தான் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்தியரையே ஊழியத்துக்கு அனுப்புவது என்பது அவர்கள் துணிவு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே போய், 1912-இல் அங்கே பேராயரானார். கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றித் தனி நூலும் எழுதினார். ஆயினும் எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியது. மேல்நாட்டு மிஷனரிகள் பொருளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, அவர்களிடம் அவர் கேட்டது நட்பை. கொடுப்பவர் கையில் எல்லாம் இருந்தும் அது மட்டும் வராமல் போகக்கூடும் என்பதை, பெற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொன்னார்.

2019-இல் எங்களில் இளையவரும் ஓய்வு பெற்றபோது வந்த தொகை, நாங்கள் அதற்குமுன் ஒருசேரக் கண்டிராதது. மகன் கோயம்புத்தூரில் வீடு வாங்க உதவி கேட்டிருந்தான். மூத்தவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. முதுமைக்கென்று ஒதுக்குவது அவநம்பிக்கையாகுமா என்று பல இரவுகள் பேசினோம். வெஸ்லியின் வரிசையில் முதலில் தன் தேவை, பிறகு வீட்டார், பிறகு விசுவாசிகள், பிறகு எல்லா மனிதரும். “வீட்டார் என்றால் பிள்ளைக்கு எத்தனை வயது வரைக்கும்?” என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை. கடைசியில் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்கென்று வங்கியில் போடப்பட்டது. மகனுக்குக் கொடுத்தது வட்டியில்லாக் கடன். அவன் திருப்பித் தருவது, மூன்றாம் பங்கைக் கொண்டு செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டும் கணக்கில் சேரும். அவன் சற்றுச் சிரித்தான், தவறாமல் அனுப்புகிறான்.

அந்தக் கணக்கை எப்படி நடத்துவது என்பதில்தான் நாங்கள் இன்னும் இரண்டு பேர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது, ஆகவே கல்லூரிக்கு நேராகக் கட்டிவிட்டுப் பேசாமலிருக்கவேண்டும் என்கிறார் ஒருவர். சிநேகிதரைச் சம்பாதிக்கச் சொன்னவரும் அதே இயேசுதானே, முகம் தெரியாமல் சிநேகிதம் ஏது என்கிறார் மற்றவர். இரண்டுக்கும் நடுவில், ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் விடுமுறை ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் யாருக்குக் கட்டணம் கட்டப்படுகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

முதலில் படித்து முடித்த பெண் இப்போது மதுரையில் வேலையில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் எங்கள் இரத்த அழுத்தத்தைக் கேட்டு, ஊறுகாய்க்காகத் திட்டுகிறாள். சென்ற மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, “டீச்சர், இதையும் அந்தக் கணக்கில் போட்டுடுங்க, மாதாமாதம் வரும்” என்றாள். தம்பியின் படிப்பு இருக்கிறது, அவளிடமிருந்து வாங்கக்கூடாது என்கிறார் எங்களில் ஒருவர். மற்றவர் அதை அன்றைக்கே நோட்டில் வரவு எழுதிவிட்டார்.