வருகையின் நோக்கம்

கல்லூரியின் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருப்பார்கள். "சொந்த அலுவல்" என்று எழுதினேன். 45 நாள் ஈட்டிய விடுப்பு. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். இப்போது அந்த இடம் என்னுடையது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் இருக்கலாம். நான் போனது 2024 ஜூலைக் கடைசியில். கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரைக்குச் சமூக வருகை என்று பெயர். விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விருந்தாளி காலை நான்கரைக்கு எழுந்து வெந்நீர் போட்டாள். நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டினாள். சாம்பிராணி காட்டினாள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் செய்தாள். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்ட தங்கையின் மாமியாருக்குச் சோறு ஊட்டினாள். தங்கைக்கு இரவில் அழுகை வந்தபோது, பால் கட்டியதாலா, அம்மா நினைவாலா என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்திலும் அதே வாரம் குழந்தை பிறந்தது. அங்கே ஓர் அம்மாள் வந்து தங்கியிருந்தார். 'கன்ஃபைன்மென்ட் லேடி' என்பார்கள். பிரசவித்த பெண்ணையும் சிசுவையும் 28 நாளோ ஒரு மாதமோ உடனிருந்து பார்த்துக்கொள்வது அவர் தொழில். அதற்குச் சம்பளம் உண்டு, முன்பணம் உண்டு, நல்ல கைக்காரி என்றால் மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் இஞ்சி தட்டுவேன், அந்தப் பக்கம் அவர் தட்டுவார். ஒருநாள் அவர் தங்கையிடம் மலாயில் ஏதோ கேட்டார். தங்கை சிரித்தாள். "இவங்க எவ்வளவு வாங்குறாங்கன்னு கேக்குறாங்க. என் அக்கான்னு சொன்னேன்." அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார். மலாய் தெரியாத எனக்கும் அது விளங்கிற்று. இலவசம்.

30 நாள் முடிய மூன்று நாள் இருந்தது. விடுப்பில் இன்னும் பதினைந்து நாள் மிச்சம். பாஸை நீட்டிக்க நோய், விபத்து போன்ற காரணம் வேண்டும் என்றார்கள். பிரசவம் நோயில்லை. அதுவும் எனக்கு நடந்த பிரசவம் இல்லை. விமானத்தில் ஊருக்குப் போய்த் திரும்பப் பணமில்லை. "பாடாங் பெசார் போய் சாப்பு குத்திட்டு வந்துருங்கக்கா. ஒரு ராத்திரி ஹாட்யாய்ல தங்கிட்டு வந்தா நல்லது. அன்னிக்கே திரும்பினா கேள்வி கேப்பாங்க" என்றார் தங்கையின் கணவர். முத்திரைக்கு அங்கே சாப்பு என்றுதான் பெயர். மாமியார் படுக்கையிலிருந்தே கேட்டார்: "சயாமுக்கா போற? எங்க பெரியப்பா ஜப்பான்காரன் காலத்துல அந்தப் பக்கம்தான் ரயிலேறினாரு. திரும்பல." 1942-43இல் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோன கதையை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதை ஒருவர் சோறு மென்றுகொண்டே சொல்லிக் கேட்டது அன்றுதான்.

விடியுமுன் பட்டர்வொர்த்தில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். சுங்கைப் பட்டாணி தாண்டியதும் வெளுத்தது. இருபுறமும் கெடாவின் நெல்வயல். எங்கள் பாடப்புத்தகத்துக் கடாரம். 1025 வாக்கில் படையெடுத்து வந்து கடாரம் கொண்டான் என்று பெயர் வாங்கிய ராஜேந்திரனிடம் எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எதிர் இருக்கையில் ஒரு பெண் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ரயில் ஆட்டத்திலும் ஊசி தப்பவில்லை. என் கையிலிருந்த நீலக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீங்களும் சாப்புக்கா?"

சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. பெயரை எழுதப் போவதில்லை. மலேசியத் தமிழர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு வருடம். நாலு வயதில் ஒரு மகன். அங்கே மனைவியாக வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நீண்டகாலப் பாஸ் தருவார்கள். அதை வாங்கவும் புதுப்பிக்கவும் கணவன் உடன் போக வேண்டும், அவன்தான் பொறுப்பாளி. இரண்டு வருடம் முன்பு அவர் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். விவாகரத்துக் கேட்கவில்லை. பாஸ் முடிந்தபோது இவள் போன் செய்தாள். "வரேன் வரேன்னாரு. மூணு வாரம் சொன்னாரு. தேதி முடிஞ்சுதுக்கா."

அப்போதுதான் இந்த 30 நாள் திட்டம் வந்திருந்தது. வெளியே போய், சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்தாள். சொந்த வீட்டுக்கு. ஒரு தடவை மேடான், ஒரு தடவை ஹாட்யாய், இடையில் ஊருக்கு ஒருமுறை. "தாய்லாந்துக்குத் தரை வழியா வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் விசா இல்லாம விடுவான். இது ரெண்டாவது." ஏன் ஒரேயடியாக ஊருக்குப் போய்விடக் கூடாது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மகன் மலேசியக் குடிமகன். அவன் பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் அப்பாவிடம் இருக்கின்றன. பையனோடு எல்லை தாண்ட முடியாது. பையனை விட்டுவிட்டுத் தாண்ட அவளால் முடியாது. ஒரு ராத்திரி மட்டும் முடியும். அந்த ராத்திரிக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பார்த்துக்கொள்வார்.

என் தங்கையும் அதே பாஸில்தான் இருக்கிறாள். புதுப்பிக்கும் நாளில் கணவர் அரை நாள் விடுப்புப் போட்டு உடன் போவார், திரும்பும்போது இருவரும் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கையெழுத்து அவளுக்கு உறுத்தியதே இல்லை. நல்லவனோடு வாழ்கிறவளுக்குச் சட்டம் கண்ணில் படுவதில்லை. நானும் அந்த ரயிலில் ஏறும்வரை அதைப் பற்றி யோசித்ததில்லை.

பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுக் கவுன்டர்களும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஒன்றில் வெளியேறும் முத்திரை, சில அடி தள்ளி மற்றதில் நுழைவு முத்திரை. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ஹாட்யாய்க்கு இணைப்பு ரயில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டது. நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாக ஒரு அறை எடுத்து இருவரும் தங்கினோம். கிம் யோங் சந்தையில் அவள் மகனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் தவளை ஒன்று வாங்கினாள். நான் முந்திரிப் பருப்பு வாங்கினேன். இரவு ஜாக்கெட்டை எடுத்து மறுபடி தைக்கத் தொடங்கினாள். பயணியாக வந்தவள் வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் மெஷின் வைத்துத் தைத்துத்தான் வாடகை கட்டுகிறாள். "சத்தம் கேக்காம இருக்க மெஷினுக்கு அடியில பழைய போர்வைய மடிச்சுப் போட்டிருக்கேன்க்கா" என்றாள். நான் கல்லூரியில் என்ன சொல்லித் தருகிறேன் என்று கேட்டாள். சங்க இலக்கியம், பெண்ணெழுத்து என்றேன். "பெண்ணெழுத்துன்னா?" என்றாள். விளக்கினேன். கேட்டபடியே தூங்கிவிட்டாள்.

மறுநாள் மதிய ரயிலில் திரும்பினோம். மலேசியக் கவுன்டரில் நான் முன்னால் நின்றேன். இரண்டு சுட்டுவிரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார் அதிகாரி. ரேகை விழவில்லை. ஒரு மாதமாகச் சாம்பலும் சோப்பும் துணி அலசலும். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். மஞ்சள் ஏறிய விரலைச் சேலையில் துடைத்து வைத்தேன். மூன்றாம் தடவை விழுந்தது.

"எதற்கு வருகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தங்கையைப் பார்க்க."

"ஒரு மாதம் இருந்தீர்களே. அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"ஒன்றும் செய்வதில்லை" என்றேன்.

வீட்டுப் பராமரிப்பும் உழைப்பே என்று இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். கருத்தரங்கில் ஒரு பேராசிரியரோடு மேடையிலேயே சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கவுன்டரில் சொன்னது இதுதான். ஒன்றும் செய்வதில்லை. அது சரியான பதிலும்கூட. முத்திரை விழுந்தது. இன்னொரு 30 நாள்.

அவளிடம் அவ்வளவு கேட்கவில்லை. பக்கங்களைப் புரட்டினார், கணினியைப் பார்த்தார், எழுந்து இன்னொருவரை அழைத்தார். கடுமையாகப் பேசவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். அவள் தவளை இருந்த பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "நிப்பீங்களாக்கா?"

"நிக்கிறேன்" என்றேன்.

மேலே சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தேன். பட்டர்வொர்த் போகும் ரயில் ஒன்று புறப்பட்டுப் போனது. தேநீர் குடித்தேன். கீழே போய்ப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. தங்கையின் போன் வந்தது. காலையிலிருந்து காய்ச்சல், மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது, மாப்பிள்ளை மாலை ஷிஃப்ட், மாமியார் சாப்பிடவில்லை, குழந்தை விடாமல் அழுகிறது. அழுகை எனக்கும் கேட்டது. அடுத்த ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கடைக்கார மலாய்ப் பெண்ணிடம் பையைக் கொடுத்து, கைஜாடையும் ஆங்கிலமுமாக விளக்கினேன். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. ரயிலேறினேன். நிற்கிறேன் என்று சொன்ன இடத்தில் நிற்காமல் போவதற்கு எனக்குத் தகுந்த காரணம் இருந்தது. அவள் கணவரிடம்கூட ஒவ்வொரு தடவையும் ஏதோ காரணம் இருந்திருக்கும்.

அன்றிரவு தங்கைக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக் கட்டு இளக்கிவிட்டேன். நடுநிசியில் அவள் காய்ச்சல் இறங்கியது. போனைப் பார்த்தேன். ஒற்றை டிக்.

மறுநாள் சாயங்காலம் குரல் பதிவு வந்தது. "வந்துட்டேன்க்கா. சாப்பு குத்திட்டாங்க. பை கிடைச்சுது, தம்பி தவளைய விடவே மாட்டேங்குறான்." கொஞ்சம் நிறுத்தினாள். "புருஷன் நம்பர் குடுன்னு கேட்டாங்க. மூணாவது தடவ போட்டப்பதான் எடுத்தாரு. ஸ்பீக்கர்ல போட்டாங்க. ஆமா, என் பொண்டாட்டிதான், விடுங்கன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருக்கா. அடுத்த தடவ அவரோட வந்து முறையா பாஸ் எடுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அந்தக் கையெழுத்து இல்லாமல் வாழத்தான் அவள் ரயிலேறினாள், விமானம் ஏறினாள், போர்வை போட்டுச் சத்தத்தை அடக்கித் தைத்தாள். கடைசியில் அவளை உள்ளே விட்டது அவர் குரல். அவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இரண்டு நாள் தூக்கம் தரவில்லை. அவர் எடுத்தார் என்பது அதைவிட அதிக நாள் தரவில்லை.

பதிவின் கீழே எழுத்தில் இன்னொரு வரி அனுப்பியிருந்தாள். "நீங்க போனதுதான் சரிக்கா, அங்க பச்ச ஒடம்பு இருக்குல்ல. அடுத்த மாசம் மேடான்."

குழந்தை மடியில் இருந்தது. என்னென்னவோ எழுதி அழித்தேன். பிறகு கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, மாமியாருக்குக் கஞ்சி கரைக்க எழுந்துபோனேன்.