உப்புக்காத்துல நிக்கிற காரு

பழவேற்காட்டுல ஒரு காரோட பிரேக் எப்படி இருக்குன்னு கிலோமீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனை வருஷமா அந்தக் காத்துல நிக்குதுன்னுதான் பார்க்கணும்.

நான் பொன்னேரி பக்கம் நெல்லும் கீரையும் போடுறவன். வாரத்துல ரெண்டு நாள் கீரைக்கட்டை அங்க இறக்கிட்டு, மடவையோ இறாலோ வாங்கிட்டு வருவேன். கோட்டைக்குப்பத்துல எனக்கு ஒரு மீனவ நண்பர். ஏரிக்கரையை ஒட்டி வீடு, வாசல்ல ஒரு பழைய ஆல்டோ. தொழிலுக்குப் போக அதெல்லாம் வேணாம். ஆனா ராத்திரியில யாருக்காவது பிரசவ வலின்னா, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுறது அந்த வண்டிதான். மத்த நாள்ல சும்மா நிக்கும்.

போன மாசம் அவர் சொன்னார்: "அண்ணா, பிரேக் அடிச்சா பெடல் காலுல உதறுது. உள்ள கரகரன்னு சத்தம் வேற." அஞ்சு வருஷத்துல வண்டி ஓடினது இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான்.

மெக்கானிக் தம்பியை நானே கூட்டிட்டுப் போனேன். முன் சக்கரத்தைக் கழட்டினா, டிஸ்க் ரெண்டும் கொத்தின அம்மி மாதிரி குழிகுழியா இருக்கு. டிஸ்க் வார்ப்பிரும்பு, பெயின்ட் அடிக்கவும் முடியாது, எண்ணெய் தடவவும் முடியாது. ராத்திரியில லேசா ஆரஞ்சு நிறத்துல துரு படியறது சகஜம், காலையில ரெண்டு தடவை பிரேக் அடிச்சா போயிடும். ஆனா வாரக்கணக்குல ஓடாம நின்னா, உப்பு உள்ள இறங்கி அரிச்சிடும். அந்தச் சொரசொரப்பு பேடையும் தின்னுடும். உள்பக்க பேடு தகடு மாதிரி தேஞ்சிருந்துச்சு, வெளிப்பக்கம் பாதி மிச்சம். "காலிப்பர் நகர்ற பின் துருவேறி இறுகிடுச்சுண்ணா, அதான் ஒரு பக்கமே தேயுது"ன்னான் தம்பி.

குறைஞ்சது எவ்வளவு தடிமன் இருக்கணும்னு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டர்ல பொறிச்சிருப்பாங்க. இது அதுக்கும் கீழ. கடைசல் பிடிக்கிற பேச்சுக்கே இடமில்ல.

"மோசமா இருக்கிற பக்கத்தை மட்டும் மாத்தினா போதாதா?"ன்னு நண்பர் கேட்டார். செலவு அவருக்கு. மாட்டுக்கு ஒரு காலுக்கு மட்டும் லாடம் அடிச்சா எப்படி நடக்கும்? வண்டியும் அப்படித்தான், பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்கும். அர்த்த ராத்திரியில, பின்சீட்டுல வலியோட ஒரு பொண்ணு இருக்கும்போது அது நடக்கக்கூடாது. ரெண்டு பக்கமும் டிஸ்க், பேடு எல்லாம் புதுசு போட்டாச்சு.

தம்பி வேலை செஞ்ச விதம் நல்லா இருந்துச்சு. காலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்கவிடாம வலைக்கயித்தால கட்டி வச்சான். ஹப்புல இருந்த துருவை கம்பி பிரஷ்ஷால சுத்தமா தேய்ச்சான். அங்க துரு மிச்சம் இருந்தா புது டிஸ்க்கும் கோணலாத்தான் சுத்துமாம். புது டிஸ்க்கு மேல இருந்த எண்ணெயைத் துடைச்சான். கிரீஸ் பின்னுக்கு மட்டும். மாட்டி முடிச்சதும், வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிக்கச் சொன்னான். அப்புறம் காலி ரோட்டுல அம்பதுல போய், நிறுத்தாம பதினஞ்சுக்குக் குறைச்சு, ஆறவிட்டு, மறுபடியும். இப்படி ஒரு பத்து தடவை.

படகு இஞ்சினை நல்ல தண்ணியில கழுவி வைக்கிறது நண்பருக்குத் தெரியாத விஷயமில்ல. சக்கரத்துக்கும் அதே வைத்தியம்தான். கழுவினதும் அப்படியே நிறுத்தாம, ஒரு ரவுண்டு ஓட்டி பிரேக் அடிச்சு காயவிடணும். ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா, சமதரையில கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும். ஹேண்ட்பிரேக் இழுத்தே விட்டா பின்னாடி ஒட்டிக்கும்.

இது குப்பத்து வண்டிக்கு மட்டுமில்லீங்க. திருவான்மியூர், நீலாங்கரைன்னு கடலை ஒட்டிக் குடியிருந்துக்கிட்டு, வாரத்துக்கு ஒருதரம் வண்டி எடுக்கிறவங்களுக்கும்தான். "என் வண்டி ஓடவே இல்லியே"ன்னு சர்வீஸைத் தள்ளிப்போடாதீங்க. வருஷத்துக்கு ஒருதரம் சக்கரத்தைக் கழட்டி உள்பக்க பேடையும் பார்க்கச் சொல்லுங்க. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடுங்க.

நண்பர் இப்ப ரெண்டு நாளைக்கு ஒருதரம் வண்டியை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வர்றாரு. குப்பத்துப் பிள்ளைங்களுக்கு ஓசி சவாரி.