லயத்துக்கும் ஒரு வரைபடம்

மலாக்கா நகரின் பழைய கடைவீடு ஒன்றில் நடந்த கட்டடக்கலைச் சொற்பொழிவுக்கு, சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். பேச வந்த இளம்பெண் எங்களை நாற்காலியில் உட்கார விடவில்லை. வாசலில், கடைகளின் முன்னே கூரைக்கடியில் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நிற்கவைத்து, "இது யாருடைய இடம்?" என்று கேட்டார். நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. 1822இல் சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இந்த விதி இருந்ததாம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க மட்டுமே அஞ்சடியைக் கண்ட எனக்கு, அதற்குள் ஒரு சட்டம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அங்கிருந்து துக்காங் எமாஸ் தெருவுக்கு நடந்தோம். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. செட்டிச் சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த நிலம் அது. சற்றுத் தள்ளி, 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மினாரா சீனக் கோபுரம்போல அடுக்கடுக்காக நிற்கிறது.

பிறகு அவர் கசப்பான கதைக்கு வந்தார். 1948க்கு முந்தைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. வாடகை ஏறியது, தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டம் வந்தபோது சுவர்கள் நின்றன. அவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் பலர் இல்லை. 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்த பண்டார் ஹிலிர் திடலில் இன்று பேரங்காடி இருக்கிறது. ஓர் இடம் என்னவாக வேண்டும் என்பதை, அங்கே நடமாடுகிறவர்கள் முடிவு செய்வதில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் என் மனம் நான் பிறந்த தோட்டத்தையே சுற்றியது. மேட்டில் துரை பங்களா. சரிவில் கிராணியார் வீடு. பள்ளத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம். நடுவே விடியுமுன் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம். பங்களாத் தாழ்வாரத்தில் நின்றால் எந்த வீட்டில் அடுப்பு புகைகிறது என்று தெரியும். எங்களுக்கோ பங்களாவின் வேலி மட்டும் தெரியும். வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாது. தாத்தா இருமினால் மூன்றாம் வீட்டிலிருந்து "வெந்நீர் வெச்சிக் குடுங்கம்மா" என்று குரல் வரும். அந்தப் பாசம் எங்களுடையது. அந்தத் தடுப்பைப் பாதியில் நிறுத்தியது தோட்ட நிர்வாகத்தின் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

தோட்டம் கைமாறியபோது லயம் இடிந்தது. எங்கள் ஆட்கள் மண் சுமந்து எழுப்பிய மாரியம்மன் கோயிலும் போயிற்று. செட்டிகளின் கோயிலுக்கு டச்சுக்காரன் கொடுத்த நிலம் இருந்தது. எங்கள் அம்மனுக்குக் கிராண்டு இல்லை. எங்களுக்கும் இல்லை. ஒரு கோயில் இருநூற்று நாற்பது ஆண்டைத் தாண்டி நிற்பதற்கும், இன்னொன்று செம்பனைக்கு அடியில் மறைந்ததற்கும் நடுவே நிற்பது பக்தியின் அளவல்ல, ஒரு காகிதம்.

இப்படிப்பட்ட சொற்பொழிவுகள் நகரத்துக் கடைவீடுகளோடு நின்றுவிடக் கூடாது. நம் கோயில் மண்டபங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அவை வரவேண்டும். தோட்டத்து லயமும் கட்டடக்கலைதான். அதன் அரசியலில் வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே காட்டுவதற்கு நம்மிடம் வரைபடம் வேண்டும். உங்கள் வீட்டில் லயத்தில் வாழ்ந்த பெரியவர் இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவையுங்கள். குழாயடி எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, கோயில் எங்கே என்று வரையச் சொல்லுங்கள். இந்தத் தீபாவளிக்குள் செய்யுங்கள்.