பூங்காவுக்கு அடியில் ஒரு கடைத்தெரு

ஹிரோஷிமா ரயில் நிலைய வாசலில் டிராம் பிடித்தால் சுமார் கால் மணி நேரத்தில் அணுகுண்டுக் கட்டடத்தின் எதிரே இறங்கிவிடலாம். கூரை போய், விதானத்தின் இரும்புக் கம்பிகள் மட்டும் மிஞ்சி நிற்கிற அந்தக் கட்டடத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பிறகு மோட்டோயாசு ஆற்றுப் பாலத்தைக் கடந்து அமைதிப் பூங்காவுக்குள் நுழைகிறார்கள். 12 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். நம் கணக்கில் சுமார் 30 ஏக்கர். புல்வெளி, மரங்கள், நினைவுச் சின்னங்கள், காகிதக் கொக்கு மாலைகளோடு வரிசையில் வரும் பள்ளிக் குழந்தைகள். அமைதி என்ற பெயருக்குப் பொருத்தமான இடம்தான்.

பொருத்தம் அதிகமாகிவிட்டதுதான் சிக்கல். இங்கே வருகிறவர்களில் பலர், குண்டு விழுந்தபோதும் இது பூங்காவாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘நல்லவேளை, பூங்கா மேல் விழுந்தது’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். அவர்கள் நிற்பது பூங்காவில் அல்ல, தங்கள் வீட்டுக் கூடத்தில்.

1945-க்கு முன்னால் இங்கே சுமார் 1,300 குடும்பங்கள் இருந்தன. 4,400 பேர் வாழ்ந்தார்கள். மோட்டோயாசு, ஹோன்காவா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தீவின் வடகோடி இது. நம் ஊர்களில் தட்டாரத் தெரு, விறகுக்கடைத் தெரு என்று தொழிலின் பெயரைத் தெரு சுமப்பதுபோல இங்கேயும் பேட்டைகளுக்குப் பெயர் இருந்தது. ஸைமோகு-சோ என்றால் மரக்கடைப் பேட்டை. கோபிகி-சோ, மரம் அறுப்பவர்களின் பேட்டை. தென்ஜின்-மாச்சி, கல்விக்கு உரிய தெய்வத்தின் பெயரைக் கொண்டது. இவற்றுக்கெல்லாம் தலைவாசலாக இருந்தது நகாஜிமா ஹோன்மாச்சி. அதன் ஊடே இரு பாலங்களையும் இணைத்து ஓடியது கடைத்தெரு.

இந்தத் தெரு தற்செயலாக அமைந்ததல்ல. மேற்கு ஜப்பானின் பழைய நெடுஞ்சாலையான ஸைகோகு கைடோ 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை நகரத்துக்குள் திருப்பிவிடப்பட்டது. அந்தச் சாலைதான் இங்கே கடைத்தெருவாகத் தங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆறு. ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள். படகில் வந்த சரக்கு படியில் இறங்கி, தோளில் ஏறி, கடைக்குப் போனது. சாலையும் துறையும் ஒரே இடத்தில் சந்தித்தால் வியாபாரம் எப்படிச் செழிக்கும் என்று வணிகம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொத்த வியாபாரிகள், சில்லறைக் கடைக்காரர்கள், பயணிகள் தங்கும் விடுதிகள், ஆற்றைப் பார்த்தபடி உணவகங்கள் என்று இந்தத் தீவு நெடுங்காலம் நகரின் வியாபார மையமாக இருந்தது.

அன்றாட வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. துணிக்கடை, மருந்துக்கடை, அரிசிமது விற்கிற கடை, கரிக்கடை, முடிதிருத்தகம், மிட்டாய்க்கடை, பில்லியர்ட்ஸ் கூடம், சினிமாக் கொட்டகை. அநேகமாக எல்லாமே மரக் கட்டடங்கள். கீழே கடை, பின்னாலும் மாடியிலும் குடித்தனம். வியாபாரமும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ். கடைக்கார அப்பா வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, தெருவில் விளையாடும் பிள்ளையை அதட்டலாம். இந்த அமைப்புதான் பின்னால் நடந்ததன் கொடுமையையும் தீர்மானித்தது. கடை போனபோது குடும்பமும் சேர்ந்தே போனது.

மரக்கடைகளுக்கு நடுவே 1929-இல் ஒரு புதுமை எழுந்தது. தாய்ஷோயா என்ற கிமோனோ துணிக்கடை, நிலவறையோடு மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடத்தைக் கட்டிக்கொண்டது. மோட்டோயாசு பாலத்தைக் கடந்தவுடன் கண்ணில் படும் கட்டடம் அதுதான். பெரிய கண்ணாடி ஜன்னல்களில் பட்டுத்துணி விரித்துக் காட்டப்பட்டது. வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம் இருந்திருந்தாலும் வியப்பதற்கில்லை. எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் அது பொது.

ஆற்றின் எதிர்க்கரையில், இன்று அணுகுண்டுக் கட்டடம் என்று உலகம் அறிந்ததும் வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டதுதான். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸெல் வரைபடம் போட்டு 1915-இல் முடித்த பொருட்காட்சி மண்டபம் அது. ஹிரோஷிமா மாவட்டத்தின் விளைபொருட்களையும் கைத்தொழில்களையும் காட்டி விற்க எழுந்தது. 1919 மார்ச்சில் அங்கே நடந்த ஒரு கண்காட்சியில், முதல் உலகப் போரில் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியர்கள் தாங்கள் செய்த பொருட்களை விற்றார்கள். அவர்களில் கார்ல் யூக்ஹைம் என்ற மிட்டாய்க்காரர் அடுக்கடுக்காகச் சுட்ட ‘பாம்கூஹன்’ கேக்கை விற்றார். ஜப்பானில் அந்தக் கேக் முதன்முதலில் சுடப்பட்டது அப்போதுதான். இன்றும் ஜப்பானியர் திருமண வீடுகளில் அதைப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

இத்தெருவின் பொற்காலம் குண்டோடு முடிந்தது என்று சொன்னால் அது மிகை. 1912-இல் டிராம் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் கடைத்தெருவுக்கு வெளியே போனது. கூட்டம் மெல்ல ஆற்றுக்குக் கிழக்கே நகர்ந்தது. 1929-இல் ஹட்சோபோரி பகுதியில் ஃபுகுயா பல்பொருள் அங்காடி திறந்தபின் நாகரிகம் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். நகாஜிமா கொஞ்சம் பழசாகிப்போனது. ஆனாலும் சாகவில்லை. தெரிந்த முகங்களுக்குக் கடன் எழுதுகிற, பெயர் சொல்லி அழைக்கிற தெருவாக அது நிலைத்தது.

அடுத்த அடியைப் போர் கொடுத்தது. துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1943-இல் தாய்ஷோயா கடையை மூடியது. 1944-இல் அந்தக் கட்டடம் எரிபொருள் ரேஷன் சங்கத்தின் கைக்குப் போனது. பட்டு விரித்த இடத்தில் கரி, விறகு கணக்கு. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க நகரில் வீடுகளை வரிசையாக இடித்து இடைவெளி உண்டாக்கினார்கள். இந்தத் தீவின் தென்பகுதியும் அதில் அடங்கியது. அந்த வேலைக்குப் பள்ளி மாணவர்களே வந்தார்கள். கடைத்தெருக் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகள் பலர் பாதுகாப்புக்காகக் கிராமத்துக் கோயில்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்போது அது பிரிவாகத்தான் தெரிந்தது. இந்தத் தெருவின் நினைவு பிழைத்ததே அந்தப் பிள்ளைகளால்தான்.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. விமானம் குறிவைத்தது இந்தத் தீவின் வடமுனையைத் தொடும் டி வடிவ அயோய் பாலத்தை. குண்டு சற்று விலகி, எதிர்க்கரையில் ஒரு மருத்துவமனைக்கு நேர் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. தாய்ஷோயா கட்டடத்திலிருந்து அந்தப் புள்ளி 170 மீட்டர் தூரம். மோட்டோயாசு பாலத்தின் இரு பக்கக் கைப்பிடிச் சுவர்களும் எதிரெதிர்த் திசையில் வெளியே சாய்ந்தன; குண்டு வெடித்த புள்ளியைக் கணிக்க அதுவே ஒரு தடயமாயிற்று. மரக் கடைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எரிபொருள் சங்க அலுவலகத்தில் அன்று 37 பேர் இருந்தார்கள். அவர்களில் 47 வயது ஊழியர் ஒருவர் ஏதோ காகிதம் எடுக்க நிலவறைக்கு இறங்கியிருந்தார். இறங்கிய அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு இன்னும் 37 ஆண்டு ஆயுளைக் கொடுத்தன. 1982 வரை வாழ்ந்தார். அவரோடு வெளியே வர முடிந்த சிலரும் பின்னர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நகரில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது ஹிரோஷிமா நகராட்சியின் மதிப்பீடு.

பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். வெளியூரிலிருந்த பிள்ளைகள், போர்முனையிலிருந்த மகன்கள், வேறு வேலையாக அன்று ஊரில் இல்லாதவர்கள். சாம்பல் மேட்டில் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆனால் நகரம் வேறு முடிவெடுத்தது. 1949-இல் தனிச்சட்டம் வந்தது. கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே போட்டியில் வென்றார். 1952-இல் நினைவு வளைவும் 1955-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. மண் கொட்டி நிலம் உயர்த்தப்பட்டது. குடிசைகள் காலிசெய்யப்பட்டன. அமைதிக்கு ஒரு பூங்கா வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அதற்காக இதே தெரு மறுமுறையும் அழிய வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க முடியாது. முதல் முறை எதிரியின் கையால். இரண்டாம் முறை நல்லெண்ணத்தின் கையால்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த இடத்தின் உண்மையான கதை. 1960-களில் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனமும், பழைய குடியிருப்பாளர்களும் சேர்ந்து இந்தப் பகுதியின் வரைபடத்தை மீண்டும் உருவாக்கத் தொடங்கினார்கள். ஆவணங்களை நம்பி அல்ல, நினைவை நம்பி. முடிதிருத்தகத்துக்குப் பக்கத்தில் யார் கடை? அதற்கு எதிரே? அந்த வீட்டில் எத்தனை பேர்? ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். கட்டம் கட்டமாகக் கடைகள் தாளில் திரும்பி வந்தன.

எதற்கு இத்தனை பாடு? ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்கிற எண்ணுக்கு முகம் கிடையாது. கடைப் பெயருக்கு உண்டு. ஒரு கடையின் இடம் தெரிந்தால், அதற்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். பதில் சொல்ல ஆள் இருந்தால் இறந்தவருக்கு ஒரு வாசல் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் குடும்பம் முழுவதும், அக்கம்பக்கமும் சேர்ந்து அழிந்த இடங்களில் சொல்ல யாரும் இல்லை. கேட்டுப் பதில் கிடைக்காத அந்த வீடுகள்தான் பேரழிவின் சரியான அளவு.

மண்ணும் தன் பங்குக்குச் சாட்சி சொல்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அருங்காட்சியகக் கட்டடத்தைப் பலப்படுத்துவதற்கு முன்னால், 2015 முதல் அதன் அடியில் அகழாய்வு நடந்தது. அது பழைய மரக்கடைப் பேட்டை. கரிந்த சோற்றகப்பை, உருகிய பால் பாட்டில் என்று வீட்டுச் சாமான்கள் வெளிவந்தன. தென்ஜின்-மாச்சியில் கண்டெடுத்த கரிந்த பாய்த் தரையைத் தோண்டிய இடத்திலேயே பாதுகாத்து 2022 மார்ச்சில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குப் பூங்கா மேல் குண்டு விழுந்தது என்று சொல்ல மனம் வராது.

ஹிரோஷிமா போகிற இந்தியர்கள் மோட்டோயாசு கரையில் இருக்கும் காந்தி சிலையைத் தவறாமல் பார்ப்பார்கள். இந்தியா பரிசளித்தது, 2023 மே மாதம் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அங்கிருந்து கடைத்தெரு தூரமில்லை. பாலத்தைக் கடந்ததும் நிற்கிற, ‘ரெஸ்ட் ஹவுஸ்’ என்று பலகை மாட்டிய மூன்று மாடிக் கட்டடம்தான் பழைய தாய்ஷோயா. புதுப்பிக்கப்பட்டு 2020-இல் திறந்திருக்கிறது. கீழே நினைவுப் பொருட்கள் விற்கிறார்கள். மாடியில் நகாஜிமாவின் பழைய படங்கள். நிலவறையையும் பார்க்கலாம். 2016-இல் வந்த சுனாவோ கதாபுச்சியின் அனிமேஷன் படமொன்றில் 1933-ஆம் ஆண்டுக் கடைத்தெரு அப்படியே வருகிறது; பழைய குடியிருப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தது.

அந்தக் கட்டடத்திலிருந்து மேற்கே ஹோன்காவா பாலத்தை நோக்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். வழியில் நகாஜிமா ஹோன்மாச்சியினர் 1956-இல் நிறுவிய கருணை தேவதையின் சிலை ஒன்று இருக்கிறது. பெரிய சின்னங்களுக்கு முன்னால் அது எளிதில் கண்ணில் படாது. தேடிப் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அவர்கள் சொந்த ஊர்க்காரர்களே எடுத்த நினைவுச் சின்னம் அது.